சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசம்) ரெண்டு தடவை ரிஜெக்ட், ஏஜென்ட் 3,500 டாலர் கேக்குறான், கொடுக்கலாமா?

திருச்சி_டு_செங்காங்

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன், நீளமா இருந்தா மன்னிச்சுருங்க.

2019-ல சிங்கப்பூர் வந்தேன், இபி-ல (எம்ப்ளாய்மென்ட் பாஸ், வேலை அனுமதி). 2021-ல கம்பெனி மாறினேன், அங்க வாங்கின இபி 2023 ஜூன்ல மூணு வருஷத்துக்கு ரினியூ ஆச்சு, வர்ற 2026 ஜூன்ல முடியுது. வயசு 38, சாஃப்ட்வேர் டெஸ்டிங் லீட், சம்பளம் 8,600, அது போக வருஷக் கடைசில போனஸ். வைஃப் டிபி-ல (டிபென்டன்ட் பாஸ், குடும்பத்துக்கான பாஸ்) இருக்காங்க, ஊர்ல பி.எட் முடிச்சு மூணு வருஷம் டீச்சரா இருந்தவங்க, இங்க சும்மா உக்காந்திருக்காங்க. முன்னாடி மாதிரி டிபி-ல இருந்துக்கிட்டே லெட்டர் ஆஃப் கன்சென்ட்னு ஒரு அனுமதி வாங்கி வேலைக்குப் போறதெல்லாம் 2021 மே-யோட போச்சுல்ல. பையன் 9 வயசு, லோக்கல் ஸ்கூல்ல பி3 (மூணாம் வகுப்பு), பொண்ணு 4.

பிஆர் 2022-ல ஒரு தடவை, 2024-ல ஒரு தடவை போட்டேன். முதல் தடவை ஒம்பது மாசம், ரெண்டாவது பதினோரு மாசம் காக்க வச்சுட்டு அதே ஒரு பாரா லெட்டர். காரணம் ஒண்ணும் இல்ல. அன்னிக்கு நைட்டு வைஃப் ஒண்ணும் பேசல, சாப்பாடு மட்டும் போட்டாங்க, அது திட்டினதை விட மோசம்.

இப்ப ஆபீஸ்ல ஒருத்தர் மூலமா ஒரு ஏஜென்ட் பழக்கம். நாலு பேருக்கும் சேர்த்து 3,500 கேக்குறான், கவர் லெட்டர் அவனே எழுதுவானாம், "உள்ள ஆள் இருக்கு"ன்னு ஒரு மாதிரி சிரிக்கிறான். கொடுக்கலாமா? இல்ல நானே மூணாவது தடவை போடலாமா? இன்னொண்ணு, பையனை அப்ளிகேஷன்ல சேர்க்காம விட்டா என்எஸ் (பசங்களுக்குக் கட்டாயமான தேசிய சேவை, மிலிட்டரி மாதிரி) பிரச்சனை இல்லன்னு ஒருத்தர் சொன்னாரு, அது நிஜமா?

பாய்_கடை_டீ

3,500-ஆ? ஐசிஏ (பிஆர் கொடுக்குற குடிநுழைவு ஆணையம்) ஃபீஸே ஆளுக்கு நூறு டாலர்தான் ப்ரோ, அதுவும் ரிஜெக்ட் ஆனா திரும்ப வராது. உங்க சிங்பாஸ்ல (கவர்மென்ட் ஆன்லைன் ஐடி) லாகின் பண்ணித்தான் அப்ளை பண்ணணும், ஏஜென்ட் வந்தாலும் உங்க பேப்பரை உங்ககிட்டயே வாங்கி உங்க பேர்லயேதான் போடுவான். "உள்ள ஆள்" எல்லாம் கதை. ஐசிஏ எந்த ஏஜென்டையும் வேலைக்கு வச்சுக்கல.

எனக்கு மூணாவது தடவைதான் கிடைச்சுது. என்ன மாத்தினேன்னு கேட்டா சத்தியமா எனக்கே தெரியாது. சம்பளம் ஏறியிருந்துச்சு, அதே கம்பெனில அஞ்சாவது வருஷம் ஆயிருந்துச்சு, குழந்தை பிறந்திருந்துச்சு. ரத்ததானம் பண்ணேன்னு ஒருத்தர், கோயில்ல தொண்டு பண்ணேன்னு ஒருத்தர், சமூக மன்றத்துல சர்டிபிகேட் வாங்கினேன்னு ஒருத்தர், ஆளாளுக்கு ஒரு பரிகாரம் சொல்வாங்க. நல்ல காரியம்தான், பண்ணுங்க, ஆனா அதுக்காகத்தான் கிடைச்சுதுன்னு எவனும் நிரூபிக்க முடியாது.

கல்லாங்_பாலம்

இந்தியன்ஸுக்கு கோட்டா முடிஞ்சு போச்சு பாஸ், அவ்ளோதான் மேட்டர். என்ன போட்டாலும் வராது.

பாய்_கடை_டீ

@கல்லாங்_பாலம் அப்படி ஒரு நம்பரை அவங்க எங்கயும் வெளியிட்டதில்லயே. சீனர் 74, மலாய் 13.5, இந்தியர் 9 சதவீதம், இந்த பேலன்ஸை பெருசா மாறவிட மாட்டோம்னு கவர்மென்ட் வெளிப்படையா சொல்லியிருக்கு, அது உண்மை. ஆனா வருஷத்துக்கு 30,000 பேருக்கு மேல பிஆர் கொடுக்குறாங்க, அதுல நம்மாளுங்களும் வாங்கிட்டுத்தான் இருக்காங்க. என் பிளாக்லயே மூணு குடும்பம்.

எச்ஆர்_அக்கா_அங்மோகியோ

எல்லாரும் பிஆர் பத்தியே பேசுறீங்க, யாரும் அவரோட 2026 ஜூனைப் பாக்கலயா? நான் பத்து வருஷமா கம்பெனிகள்ல இபி அப்ளிகேஷன் போடுற வேலைதான் பாக்குறேன், அதனால கொஞ்சம் கறாரா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. உங்களுக்கு இப்ப பிஆர் பிரச்சனையே இல்ல. இபி-தான் பிரச்சனை.

குறைஞ்சபட்ச சம்பளம் 5,600-ன்னு எல்லாரும் மனசுல வச்சிருப்பாங்க. 2025 ஜனவரில வந்த அந்த 5,600 வந்து 23 வயசுப் பையனுக்கு, படிப்பு முடிச்சு நேரா வர்றவனுக்கு. அங்கிருந்து வயசு ஏற ஏற கூடிக்கிட்டே போயி 45 வயசுல 10,700-ல நிக்கும். பேங்க், இன்சூரன்ஸ் மாதிரி ஃபைனான்ஸ் கம்பெனின்னா இன்னும் அதிகம், 6,200-ல ஆரம்பிச்சு 11,800. நடுவுல வருஷத்துக்கு ஏறக்குறைய 230 டாலர்னு வச்சுக்கிட்டு உங்க 38-க்குக் கணக்குப் போடுங்க, 9,000-ஐ தாண்டுது. உங்க சம்பளம் 8,600. போனஸ் சேர்த்தா வந்துடும்னு நினைக்காதீங்க, போனஸ், 13-வது மாசச் சம்பளம், ஓடி (ஓவர்டைம்) எதுவும் கணக்குல வராது, மாசா மாசம் மாறாம வர்ற தொகை மட்டும்தான்.

"போன தடவை ஈஸியா ஆச்சே"ன்னு கேப்பீங்க. 2023 ஜூன்ல முடிஞ்ச பாஸுக்குப் பழைய கணக்கு. புது ஆளுங்களுக்கு காம்பஸ்னு ஒரு பாயின்ட் கணக்கு 2023 செப்டம்பர்ல, ரினியூவலுக்கு 2024 செப்டம்பர்லதான் வந்துச்சு. இந்த 5,600 கணக்கு ரினியூவலுக்கு 2026 ஜனவரிக்கு அப்புறம் முடியுற பாஸ்ல இருந்துதான். நீங்க ரெண்டுலயும் சேர்த்து இப்பதான் முதல் தடவையா மாட்டுறீங்க.

காம்பஸ்ல 40 பாயின்ட் வேணும். உங்க சம்பளம் உங்க துறைல அதே வயசுக்காரங்களோட ஒப்பிட்டா எங்க நிக்குது, படிப்பு, கம்பெனில உங்க நாட்டுக்காரங்க எத்தனை பேரு, கம்பெனி உள்ளூர்க்காரங்களுக்கு எவ்வளவு வேலை கொடுத்திருக்கு, இந்த நாலுக்கும் ஒவ்வொண்ணுக்கும் 0, 10, இல்ல 20. சம்பளத்துல பத்து வாங்கணும்னாலே துறைல நூத்துக்கு 65 பேரைத் தாண்டியிருக்கணும், நீங்க மினிமத்துக்கே கீழ இருக்கீங்க, அங்க பூஜ்யம்னு வைங்க. அங்கீகாரம் உள்ள டிகிரின்னா 10. உங்க ஆபீஸ்ல இந்தியன்ஸ் கால்வாசிக்குக் கீழ இருந்தா 10, இருபதுல ஒரு பங்குக்கும் கீழன்னா 20, கால்வாசி தொட்டாச்சுன்னா பூஜ்யம். கடைசி ஒண்ணு கம்பெனியப் பொறுத்தது. இது போக ஷார்ட்டேஜ் லிஸ்ட்ல (ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளோட பட்டியல்) உங்க வேலை இருந்தா போனஸ் பாயின்ட் உண்டு.

ஏஜென்டை விடுங்க. நாளைக்கு காலைல உங்க எச்ஆர்கிட்ட போயி "எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) போர்ட்டல்ல நம்ம கம்பெனியோட வொர்க்ஃபோர்ஸ் இன்சைட்ஸ் எடுத்துப் பாருங்க"ன்னு சொல்லுங்க, கடைசி ரெண்டு பாயின்டும் அதுல பளிச்சுனு இருக்கும். எம்ஓஎம்மோட செல்ஃப் அசெஸ்மென்ட் டூல்ல உங்க வயசு, சம்பளம், காலேஜ் போட்டுப் பாருங்க, அது ஓசிதான்.

திருச்சி_டு_செங்காங்

அக்கா, படிச்சுட்டு கை கால் ஓடல. நிஜமாவே 5,600-ன்னு நினைச்சுட்டு நிம்மதியா இருந்தேன். நாளைக்கே கேக்குறேன்.

எச்ஆர்_அக்கா_அங்மோகியோ

பயப்படாதீங்க, ஏழு மாசம் இருக்கு. பாஸ் முடியறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே ரினியூவல் போடலாம். கடைசி மாசத்துல ஓடி வர்றவங்களுக்குத்தான் கஷ்டம், பாஸ் கேன்சல் ஆனா 30 நாள் விசிட் பாஸ் கொடுப்பாங்க, அந்த 30 நாளுல வேலை தேடி, வீட்டைக் காலி பண்ணி, பையன் ஸ்கூல்ல டிசி வாங்கி... நான் பாத்திருக்கேன், வேணாம்.

சம்பளத்தை ஏத்திக் கேக்கலாம். ஆனா நிஜமா ஏத்தணும். பேப்பர்ல 9,100-ன்னு காட்டிட்டு பின்பக்கமா 500 திருப்பி வாங்குற கம்பெனிகள் உண்டு, அது குற்றம், அதுல நீங்களும் சேர்ந்து மாட்டுவீங்க. அதுவும் முடியலன்னா எஸ் பாஸ் (இபி-க்கு அடுத்த கீழ் நிலை வேலை பாஸ்) ஒரு வழி, சம்பளம் உங்களுக்குத் தாராளம், காம்பஸும் கிடையாது. ஆனா சர்வீஸ் கம்பெனின்னா மொத்த ஆளுங்கள்ல 10 சதவீதம்தான் எஸ் பாஸ் வைக்கலாம், ஆளுக்கு மாசம் 650 டாலர் லெவி (வரி மாதிரி) கம்பெனி கட்டணும், அதனால முதலாளி முகம் சுளிப்பாரு. கௌரவம் பாக்காதீங்க, குடும்பத்தை டிபி-ல வைக்க சம்பளம் 6,000 இருந்தா போதும், எஸ் பாஸ்ல இருந்தும் பிஆர் போடலாம்.

பொத்தோங்பாசிர்_மாமா

தம்பி, பையனைப் பத்திக் கேட்டீங்களே, அதுக்கு யாரும் பதில் சொல்லல. நான் 1994-ல வந்தவன், என் மகன் நாலு வயசுல நிரந்தரவாசி ஆனான், தேசிய சேவை முடிச்சு இப்ப வேலை பாக்குறான். அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

வேலைத் தகுதியில நிரந்தரவாசி ஆகுற உங்களுக்கு சேவை கிடையாது. உங்க மூலமா ஆகுற மகனுக்கு உண்டு. பதினாறரை வயசுல பதிவு, பதினெட்டுல அழைப்பு, ரெண்டு வருஷம் முழுநேரம், அப்புறம் நாப்பது வயசு வரைக்கும் அப்பப்ப ரிசர்வ் பயிற்சிக்குக் கூப்பிடுவாங்க. அதுக்கு முன்னாடி நிரந்தரவாசத்தை விட்டுட்டுப் போயிடலாம்னு சிலர் கணக்குப் போடுவாங்க. போகலாம், ஆனா பின்னாடி அந்தப் பையன் இங்க படிக்கவோ வேலைக்கோ வரணும்னா அது குறுக்க நிக்கும்.

பையனைச் சேர்க்காம உங்க மூணு பேருக்கு மட்டும் போடலாமான்னா, போடலாம், சட்டப்படி தடை இல்ல, அவன் டிபி-லயோ மாணவர் பாஸ்லயோ இருப்பான், சேவையும் வராது. ஆனா மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவர் அதை எப்படிப் படிப்பாருன்னு நீங்களே யோசிங்க. பொண்ணு இருக்கா, பையனை மட்டும் காணோம். என் அபிப்பிராயம், அந்த வேலை வேணாம். சேர்த்துப் போடுங்க, இல்ல போடாதீங்க.

என் மகன் போன அன்னிக்கு நானும் சம்சாரமும் கூடப் போனோம், படகுல, பயிற்சி முகாம் இருக்குற தெக்கோங் தீவுக்கு. அப்பா அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போயி படுக்கை காமிப்பாங்க, சாப்பாட்டுக் கூடத்துல அவங்க சாப்பாட்டையே நமக்கும் போடுவாங்க. என் சம்சாரம் அந்தத் தட்டை வச்சுக்கிட்டு ஒரு வாய் கூட எடுக்கல. அவன் வரிசைல நின்னு சத்தியம் சொன்னான், அப்புறம் திரும்பிப் பாக்காம போயிட்டான். ரெண்டு வாரம் கழிச்சு வந்தான் மொட்டைத் தலையோட, கறுத்துப் போயி, வந்தவுடனே தூங்கினான், பதினாலு மணி நேரம். அதுக்கு முன்னாடி தண்ணி குடிச்ச டம்ளரைக் கூட கழுவாத பய, எழுந்து அவன் பூட்ஸை அவனே துடைச்சான். நல்லதா கெட்டதான்னு நான் சொல்ல வரல. உங்க வீட்ல உங்க சம்சாரத்தோட உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க, பையனுக்கு ஒம்பது வயசுங்குறது ரொம்ப தூரம் மாதிரி இருக்கும், இல்ல.

பாய்_கடை_டீ

மாமா சொன்னது அப்படியே நிஜம். பணக் கணக்கையும் சொல்லிடுறேன், நான் பிஆர் ஆன முதல் மாசம் பேஸ்லிப் பாத்துட்டு எச்ஆருக்கு போன் போட்டவன். சிபிஎஃப் (ஊர்ல பிஎஃப் மாதிரி) முதல் வருஷம் நம்ம பங்கு 5 சதவீதம், கம்பெனி 4. ரெண்டாவது வருஷம் நம்ம 15, கம்பெனி 9. மூணாவது வருஷத்துல இருந்து முழுசா 20, 17. 2026-ல மாசம் 8,000 வரைக்கும்தான் பிடிப்பாங்க, அப்ப உங்களுக்கு முதல் வருஷம் 400, மூணாவது வருஷம் 1,600 கையில குறையும். பணம் எங்கயும் போகல, உங்க கணக்குலதான் இருக்கும், ஆனா ஊருக்கு அனுப்புற தொகை குறையும்போது அங்க இருக்கிறவங்களுக்கு அதைப் புரியவைக்குறது தனி வேலை. எங்கப்பா இன்னிக்கு வரைக்கும் நான் ஏதோ கடன்ல இருக்கேன்னு நினைச்சுட்டு இருக்காரு.

வீடு உடனே வாங்கலாம்னும் நினைக்காதீங்க. கவர்மென்ட் கட்டுற புது வீடு (பிடிஓ) நமக்குக் கிடையாது. ரீசேல் எச்டிபி (கவர்மென்ட் பிளாட்) வாங்கணும்னா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பிஆர் ஆகி மூணு வருஷம் ஆகணும். காண்டோன்னா முதல் வீட்டுக்கே பிஆருக்கு 5 சதவீதம் கூடுதல் ஸ்டாம்ப் டியூட்டி, அதுவே வெளிநாட்டுக்காரனுக்கு 60, அந்த வகைல பிஆர் சொர்க்கம்தான். உங்க வைஃபுக்குத்தான் பெரிய லாபம், பிஆர் ஆனா எந்த பாஸும் இல்லாம வேலைக்குப் போகலாம்.

சிட்னி_பரமட்டா

நானும் சிங்கப்பூர்ல எட்டு வருஷம் இபி, ரெண்டு ரிஜெக்ட், அப்புறம் ஆஸ்திரேலியா வந்துட்டேன். அங்க ஏன் கொடுக்கலன்னு சொல்ல மாட்டாங்க, இங்க எல்லாம் பாயின்ட், நாமளே கூட்டிப் பாத்துக்கலாம், அது ஒண்ணுதான் மனசுக்கு நிம்மதி. நிரந்தர விசா வந்தா வந்து இறங்குற அன்னிக்கே குடும்பத்துக்கே பிஆர், பையனுக்கு மிலிட்டரி இல்ல.

ஆனா உங்க வயசு முக்கியம். 33-ல இருந்து 39 வரைக்கும் 25 பாயின்ட், 40 ஆச்சுன்னா 15, 45 ஆச்சுன்னா கதவு மூடிடும். 65 இருந்தா அப்ளை பண்ணலாம்னு பேரு, ஐடிக்கு அதுல இன்விடேஷன் வரும்னு நம்பாதீங்க, அதை விட நிறைய வேணும். ஏசிஎஸ் (ஐடி ஆளுங்க தகுதியைச் சரிபார்க்குற அமைப்பு) அசெஸ்மென்ட்ல நம்ம எக்ஸ்பீரியன்ஸ்ல சில வருஷத்தை வெட்டிடுவாங்க, பிடிஇ-ங்குற இங்கிலீஷ் டெஸ்ட்ல சுப்பீரியர் லெவல் வாங்கினா 20 பாயின்ட், அதுக்கு நான் காலைல எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே எனக்குள்ள பேசிப் பழகினேன், பக்கத்துல இருந்தவங்க எழுந்து போயிட்டாங்க. முயற்சி பண்றதுன்னா இப்பவே ஆரம்பிங்க, ஆனா சிங்கப்பூர் வேலையை விட்டுட்டு இல்ல. இங்க முதல் வேலை கிடைக்க எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு.

திருச்சி_டு_செங்காங்

எல்லாருக்கும் நன்றி, நிலவரம் சொல்றேன். எச்ஆர்கிட்ட உக்காந்து பாத்தோம். அக்கா சொன்னது அப்படியே. டூல்ல 8,600 போட்டா சிவப்பா வருது, சம்பளத்துலயே நின்னு போச்சு, காம்பஸ் வரைக்கும் போகவே இல்ல. பாயின்ட் தனியா பாத்தா படிப்புக்கு 10, லோக்கல் ஆளுங்க கணக்குல எங்க கம்பெனிக்கு 20, இந்தியன்ஸ் 60 பேர்ல 14 பேரு, அதாவது 23 சதவீதம், அதுக்கு 10. மொத்தம் சரியா 40, ஒண்ணு கூட மிச்சமில்ல. எச்ஆர் சொல்றாங்க, பெங்களூர்ல இருந்து இன்னும் ரெண்டு பேரை எடுக்கப் போறோம்னு. அவங்க வந்தா 62-ல 16, கால்வாசி தாண்டிடும், என் பத்து காலி.

எச்ஆர்_அக்கா_அங்மோகியோ

அப்ப அவங்க சேர்றதுக்கு முன்னாடி உங்க ரினியூவல் போயாகணும். டிசம்பர்ல ஆறு மாச ஜன்னல் திறக்குது, முதல் வாரத்துலயே போடச் சொல்லுங்க. மேனேஜர்கிட்ட "எனக்கு இன்க்ரிமென்ட் வேணும்"னு ஆரம்பிக்காதீங்க. "என் பாஸுக்கு இவ்வளவு வேணும், இல்லன்னா ஜூன்ல லீட் இல்லாம டீம் நிக்கும்"னு அந்த சிவப்பு ஸ்கிரீனையே காட்டுங்க.

திருச்சி_டு_செங்காங்

அப்டேட், கேட்டவங்களுக்காக. மேனேஜர் ரெண்டு வாரம் இழுத்தாரு. அப்புறம் போனஸ்ல கொஞ்சம் குறைச்சுக்கிட்டு மாசச் சம்பளத்தை 9,150 ஆக்கினாங்க. வருஷத்துக்குக் கூட்டிப் பாத்தா பெருசா ஏறல, ஆனா லெட்டர் கைல வந்துச்சு. டிசம்பர் ரெண்டாவது வாரம் போட்டாங்க, எட்டு வேலை நாள்ல அப்ரூவ்டு. மூணு வருஷம்.

ஏஜென்ட் இன்னும் மெசேஜ் பண்றான், இப்ப 2,800-க்கு இறங்கியிருக்கான்.

பிஆர் உடனே போடல. புதுச் சம்பளத்துல ஆறு மாச பேஸ்லிப் சேரட்டும், ஜூலைல பாக்கலாம்னு இருக்கோம். போன ரெண்டு தடவையும் வேற யாரோ எழுதின கவர் லெட்டரைக் காப்பி அடிச்சேன்னு இப்பதான் உறைக்குது, மாசா மாசம் சிண்டாவுக்கு (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) 12 டாலர் பிடிக்கிறது பேஸ்லிப்ல இருக்கு, அது என்னன்னு கூட ஏழு வருஷமா நான் கேட்டதில்ல, அந்தப் பணம் நம்ம பிள்ளைங்க டியூஷனுக்குப் போகுதுன்னு பையன்தான் சொன்னான், அவன் கிளாஸ்ல ரெண்டு பேரு போறாங்களாம்.

மாமா, வீட்ல பேசினோம். வைஃப் முதல்ல அழுதாங்க, அப்புறம் "இங்கயே வளர்ந்தா இங்கத்த பிள்ளைங்க செய்யுறதை அவனும் செய்யட்டும்"னாங்க, அதுக்கு மறுநாள் காலைல "ஆஸ்திரேலியாவுக்கு எவ்வளவு ஆகும்"னு கேட்டாங்க. ரெண்டும் ஓடுது. பிடிஇ-க்கு ரெண்டு பேரும் படிக்கிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. என் பர்த் சர்டிபிகேட் 1987-ல கையால எழுதினது, தமிழ்ல இருக்கு, பேர் இருக்குற இடம் வெறும் கோடு, "ஆண் குழந்தை"ன்னு மட்டும் போட்டிருக்கு. போன ரெண்டு தடவையும் அதை அப்படியே மொழிபெயர்த்து வச்சுட்டேன். இந்தத் தடவை அம்மாவை விட்டு திருச்சி கார்ப்பரேஷன்ல பேர் சேர்க்க விண்ணப்பம் கொடுத்திருக்கு. யாராவது இப்படிப் பேர் சேர்த்து வாங்கியிருக்கீங்களா, எத்தனை நாள் ஆச்சு?

பொத்தோங்பாசிர்_மாமா

எனக்கு அதே கதைதான் தம்பி, எங்க கிராமத்துல. அம்மாவைத் தனியா அனுப்பாதீங்க, உங்க பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் காப்பியும் பாஸ்போர்ட் காப்பியும் கொடுத்து கூட யாரையாவது அனுப்புங்க. இனிஷியலை விரிச்சு எழுதச் சொல்லுங்க, பாஸ்போர்ட்ல இருக்குற அதே எழுத்துக்கூட்டல், ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி முதல்ல இருந்து வரணும்.